தம்பி செதுக்கிய முகம்

தம்பி போய் வருஷம் ஒன்றாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் சிநேகிதர்களுக்கும் அக்காவின் வணக்கம். நான் நீட்டி எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பி பிறந்தது கோவளம் பக்கத்துக் குப்பத்தில். அப்பா தவறியபின் அம்மா எங்களை இரும்புலியூருக்குக் கூட்டி வந்தார். நான் மூன்றாவதோடு படிப்பை நிறுத்தினேன். விடியலில் ராயபுரம் போய் மீன் எடுத்து, மின்சார ரயிலில் தாம்பரம் கொண்டுவந்து விற்பேன். தம்பி படித்தார். அறுபதுகளின் கடைசியில் பட்டணத்தில் ஓவியப் படிப்பில் சேர்ந்தார். மரப்பலகையில் படம் செதுக்கி, மை பூசி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து அச்செடுப்பார். அப்போதெல்லாம் கோயில், தென்னை, படகுதான்.

ஒரு காலையில் கூடையோடு தாம்பரத்தில் இறங்கினேன். எதிரே தம்பி, கூடப் படிப்பவர்களோடு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவருக்குக் கேவலம் வரக்கூடாது என்று நானாக வைத்த வழக்கம் அது. அன்று அவர் பார்த்துவிட்டார்.

"ஏங்க்கா, என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகினே?" என்று மாலையில் கேட்டார்.

"உன் சிநேகிதனுங்க இருந்தானுங்கோ. மீன்காரி தம்பின்னு சொல்லுவானுங்கோ."

"நான் இன்னா, கலெக்டர் தம்பியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே பலகை எடுத்தார். ரயில் வாசல், கூடை, முகம் திருப்பிய பெண். என்னோடு மீன் விற்கும் பட்டம்மா அச்சைப் பார்த்தார்.

"இன்னாடா, உங்கக்கா முந்தானைய வலது தோள்ல போட்டுகினு கீறா?"

பலகையில் இடப்பக்கம் செதுக்குவது தாளில் வலப்பக்கம் விழும். தம்பி அவசரத்தில் மறந்திருந்தார்.

"மூஞ்சியும் இல்ல, முந்தானையும் தப்பு. யாரு வூட்டுப் பொம்பளடா இவ?"

"வேற செதுக்குறேன் அத்தை. இந்த வாட்டி அக்கா நேரா பாக்கணும்."

நான் மறுத்தேன். கல்லூரிக் கண்காட்சிக்குப் போகும் படம். நாளைக்கு இவருக்குப் பெண் கொடுக்க வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

"சரிக்கா. அப்ப ஒண்ணும் அனுப்பல" என்று புதுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த வெறும் பலகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் மீன் விற்று வந்த புடவையோடு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"செதுக்குடா."

அந்தப் படத்தைக் கண்காட்சியில் முன்சுவரில் மாட்டினார்கள். அதற்குப்பின் தம்பி தென்னையைத் தொடவில்லை. அனகாபுத்தூர் நெசவாளர்கள், தோல் பதனிடுகிறவர்கள், ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற பெண்கள். எல்லோரும் நேரே பார்ப்பார்கள். அச்செடுத்த முதல் தாளை அவர்களுக்கே கொடுப்பார்.

பெண் வீட்டார் வந்தபோது என் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. கழற்றச் சொன்னேன். கழற்றவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்து, நிறைவாக வாழ்ந்தார். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் வலி என்று வாய் திறக்கவில்லை.

மருந்துக்கு ஓடிய அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும் நன்றி. தம்பி போன அன்று மீன் சந்தையிலிருந்து பெண்கள் கூடையோடு நேரே வந்து வாசலில் ஒதுங்கி நின்றார்கள்.

"நாத்தம் வரும்க்கா. இங்கியே நிக்கிறோம்."

"கூடையோட உள்ள வாங்கடி" என்றேன்.

வந்தார்கள். தம்பி முகத்தை நேராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் என் கும்பிடு.