குதிரைக்குக் கண் போன கதை

ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை 8.40. வெயில் ஏறிவிட்டது, காற்றே இல்லை. திகாம் பத்து ஊரைத் தாண்டி, எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில், முனீஸ்வரரின் சிமெண்டுக் குதிரைக்கு முன்னால் நானும் கோயில் தலைவரும் நின்றிருந்தோம். திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள். குதிரையின் உடம்பெல்லாம் பச்சைப் பாசி.

முழுக் குதிரைக்கும் பெயிண்ட் அடிக்க எழுநூறு ரிங்கிட் கேட்டிருந்தார்கள். அவ்வளவு எதற்கு, கழுவினால் போதும் என்று கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். முப்பத்தொரு வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவனுக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் ஜெட் மெஷினை என் காசில் வாங்குகிறேன், பிறகு என் வீட்டு வாசலுக்கு ஆகும் என்றும் சொல்லிவிட்டேன். குதிரைக்கு ஏதாவது ஆனால் பேச்சு என்மேல்தான் வரும்.

அதனால் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் நூற்றெண்பது பார் அழுத்தமுள்ள மெஷினை என் தலையில் கட்டப் பார்த்தார்.

"அண்ணே, பார் கூடுனா அழுக்கு பறந்துரும்லா!"

மோட்டார் பம்பை ஓட்டுகிறது, பம்பு தண்ணீரை நெருக்குகிறது, நெருக்கிய தண்ணீர் சின்னத் துளை வழியாகச் சீறுகிறது. சீறல் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போக நிறையத் தண்ணீர் வேண்டும். கோயில் குழாயை முன்பே அளந்து பார்த்திருந்தேன்: பத்து லிட்டர் வாளி நிறைய எண்பத்தைந்து நொடி ஆனது. நிமிடத்துக்கு ஏழு லிட்டர். அந்தப் பெரிய மெஷின் எட்டு கேட்கும். கிடைக்காவிட்டால் காற்றை இழுத்து இருமி, பம்பு கெட்டுப்போகும். ஆறு லிட்டர் கேட்கும் நூறு பார் மெஷினை எடுத்துக்கொண்டேன்.

அதனோடு முனைகளும் வந்தன. வெள்ளை முனையில் தண்ணீர் விசிறிபோல விரியும், பெயிண்டை வருத்தாது. சிவப்பு முனையில் ஒரே கம்பியாகப் பாயும். வெறும் சிமெண்டுத் தரைக்கு மட்டும்தான் அது. இதைத் தலைவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

வெள்ளையை மாட்டி, மூன்றடி தள்ளி நின்று, நான்கு கால்களையும் வயிற்றையும் முடித்தேன். தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன கிராணி, குதிரைக்குப் பன்னீர் தெளிக்கிறீங்களா? இப்படிப் போனா தீபாவளிக்குத்தான் முடியும்லா."

"பழைய பெயிண்ட் தலைவரே, அவசரப்படாதீங்க."

ஒன்பது மணி மாத்திரையைப் போட காருக்குப் போனேன். திரும்பும்போது மெஷினின் சத்தமே மாறியிருந்தது. சிவப்பு முனையைக் குதிரையின் முகத்துக்கு அரையடியில் பிடித்திருந்தார் மனிதர்.

"பாத்தீங்களா, பாசி போச்சு!"

போயிருந்தது. இரண்டு கண்களும் போயிருந்தன.

சத்தம் கேட்டுப் பூசாரி வந்து பார்த்தார். "கண்ணில்லாத குதிரையில சாமி எப்படிங்க வருவாரு? புதுசா எழுதி, கண் திறக்கிற பூசையும் போடணும்."

"கழுவலாம்னு சொன்னது யாரு?" என்றார் தலைவர், குழாயைப் பார்த்துக்கொண்டு.

கோயில் பணத்தைத் தொட கூட்டம் போடவேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே சொல்லவேண்டும். பாலிங்கிலிருந்து பெயிண்டரை நானே என் செலவில் வரவழைத்தேன். வியாழக்கிழமை மாலை குதிரைக்குப் பார்வை வந்தது. தலைவர் முதல் ஆளாக நின்று கும்பிட்டார்.

மெஷின் 389, கூடுதல் பைப் 28, பெயிண்டர் 250, அவர் பெட்ரோலுக்கு 40, பூசைச் சாமான் 63. ஆக மொத்தம் 770 ரிங்கிட்.