பதினோராவது கேள்விக்கு விட்டிருக்கும் மூன்று வரி

"ஆலோசனை பெறுபவருடன் உங்களுக்கு வேறு தொடர்பு உண்டா? உண்டெனில், அதை முடித்துக்கொள்ள என்ன செய்தீர்கள்?" விண்ணப்பத்தில் இது பதினோராவது கேள்வி. முதல் பாதிக்கு 'உண்டு' என்று குறித்துவிட்டேன். இரண்டாம் பாதிக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக அது காலியாக இருக்கிறது.

நான் திருவொற்றியூரில் ஒரு போதை மீட்பு மையத்தில் ஆலோசகர். படிப்பை முடித்துவிட்டேன். ஆனால் சான்றிதழ் தரும் அமைப்புக்குப் படிப்பு மட்டும் போதாது. மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணியையும் பதிவேட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகுதான் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

என் பதிவேட்டில் அதிகப் பக்கங்கள் ஒருவருடையவை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். குடியை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. அவர் வீடு கல்மண்டபத்தில் எங்களுக்கு அடுத்த தெரு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில் பால்வாடியைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். கணவர் எண்ணூரில் ஷிப்டில் இருந்தார். நான் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது, மூன்று வயது மகளை அடுத்த தெரு அக்கா கூட்டிப்போனதாக ஆயா சொன்னார். அந்த அக்கா ஐஸ் உடைக்கிறவருடைய மனைவி. மையத்தில் சனிக்கிழமை நடக்கும் குடும்பக் கூட்டத்தில் என்னைப் பார்த்திருக்கிறார்.

"ஆயாவோட நின்னுகினு இருந்திச்சு. நம்ம மேடம் கொயந்தயாச்சேன்னு இட்டுகினு வந்துட்டேன்" என்றார். மகள் தலை துவட்டப்பட்டு, யாருடைய சட்டையிலோ உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். அதற்கு மறுநாளும். ஆலோசனை பெறுபவரின் குடும்பத்தோடு இப்படி ஆகக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் நான்தான் முதல் மதிப்பெண்.

மையத்தில் அக்காவின் கணவர் என்னை மேடம் என்பார், நான் சார் என்பேன். அவர் வீட்டில் அவர் 'வாம்மா' என்பார், நான் 'அண்ணே' என்பேன். மாலையில் மகளை அழைக்கப் போகும்போது, செருப்பைக் கழற்றும் முன்பே மூச்சை இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா, ஊதிக் காட்டட்டா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மூச்சை இழுத்தது தாயா, ஆலோசகரா என்று இன்னும் தெரியவில்லை.

மூத்த ஆலோசகரிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன்.

"யாரு, உனக்கா?" என்றார். சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டுல ஒண்ணு போகணும். புள்ளைய அங்க விடறத நிறுத்திட்டு அத அப்படியே எழுதினா, மணிக்கணக்க ஏத்துக்கச் சொல்லி அமைப்புக்கு நான் கடிதம் தர்றேன். இல்லேன்னா அவரை வேற ஆலோசகர்கிட்ட மாத்திடு. பதிவேட்டுல அவரோட பக்கமெல்லாம் போயிடும். இந்தத் தடவை தேர்வு இல்ல."

"எது சரி மேடம்?"

"அத நான் சொன்னா அது என் பதிலாயிடும். உண்மைய எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

அடுத்த சந்திப்பில், வேறு ஆலோசகரைப் பார்க்கலாமா என்று ஐஸ் உடைக்கிறவரிடம் கேட்டேன். "நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்? மறுபடியும் மொதல்லேர்ந்து ஒருத்தருக்குச் சொல்லணுமா?" என்றார். நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றேன். அதையும் பதிவேட்டில் எழுதினேன்.

அன்று மாலை அவர் மனைவியிடம், மகளை வேறு இடத்தில் விடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "வேல முடிஞ்சா இப்ப நேரா வூட்டுக்கு வருது அந்தாளு. கொயந்த தூங்கறதுக்குள்ள பாக்கணுமாம். மாதா கோயில்ல நான் ஏத்தாத மெழுகுவத்தியா? அது செய்யாதத உம் பொண்ணு செஞ்சிட்டா" என்றார். பிறகு, "உன் இஷ்டம்மா. பெத்தவ நீ" என்று மகளின் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு குழந்தையை நம்பி ஒருவர் குடிக்காமல் இருக்கக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மகளை இன்றும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். இதுவும் தவறோ என்னவோ. இந்த வேலையில் இருப்பவர்கள், அல்லது வீட்டில் குடியை விட்ட ஒருவர் இருப்பவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். மகளை நிறுத்துவதா, அவரை மாற்றுவதா? அந்த மூன்று வரியில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?