ஆணி அடிக்காத சுவர்

கல்யாணமாகி, இரண்டாயிரத்து நாலில் ஓசூருக்கு வந்தேன். பெங்களூர்க்காரர்கள் தேடி வந்து வீடு வாங்கிய காலம். கம்பெனியில் ஷிப்ட் பார்த்த என் கணவர் பழைய வீடுகளாக வாங்குவார். வெள்ளை மட்டும் அடித்து, கொஞ்ச காலம் குடியிருந்துவிட்டு, லாபத்துக்கு விற்பார். அப்போது நாங்கள் இருந்தது எங்கள் மூன்றாவது வீடு. பாதிச் சாமான் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. சுவர் கெட்டுவிடும் என்று ஆணி அடிக்கவும் விடமாட்டார்.

ஒரு ஞாயிறு, வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். எல்லா அறையையும் பார்த்த அந்த அம்மா என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, செவுத்துல ஒரு சாமி படங்கூட இல்லியே. இங்க யாரும் குடியில்லியா?”

“நாங்கதாங்க்கா இருக்கறோம்.”

சொல்லிவிட்டு வெறும் சுவரைப் பார்த்தேன். கணவர் விலை பேச வாயெடுத்தார். அதற்குள், “இந்த வீட்ட விக்கலீங்க்கா” என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் போனதும், “என்னாச்சு உனக்கு?” என்று கத்தினார்.

“இனிமே என்னால மூட்டை கட்ட முடியாதுங்க.”

அதன்பிறகு அவர் வீடு பார்க்க யாரையும் கூட்டிவரவில்லை.

இன்றும் அங்கேதான் இருக்கிறோம். ஆனாலும் முன்பின் தெரியாத யாராவது தெருவில் நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்தால், எனக்குத் திக்கென்கிறது.