ஆ-துங்கின் முத்திரை

தைவானின் தைச்சுங் நகரத்தில் மின்சைக்கிள் பாகம் செய்பவர்களில் பெய்-ஷானைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய கம்பெனியொன்றின் தரநிர்ணயப் பிரிவு அவள் பொறுப்பு. பிளக்குக்கு எத்தனை முனை, எவ்வளவு அகலம் என்று உற்பத்தியாளர் சங்கக் குழுவில் உட்கார்ந்து பேசுகிற வேலை. கேட்டாலே கொட்டாவி வரும். ஆனால் ஊர்ப்பட்ட பேருடைய பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

அவளைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஆ-துங். சின்னப் பட்டறை; உருண்டையான சார்ஜ் பிளக் ஒன்றுதான் அங்கே செய்வார்கள். முதல் வேலை கொடுத்தவரும் அவர், பெரிய கம்பெனியில் சொல்லி அனுப்பிவைத்தவரும் அவர், செல்லமாக ஆ-ஷான் என்று கூப்பிடுபவரும் அவர். குழுவில் அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு, ஆனால் கூட்டமென்றாலே ஆகாது. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற பெயர் முத்திரையை நம்பிக்கையானவர்களிடம் கொடுத்துவைக்கும் அந்த ஊர் வழக்கப்படி, தன்னுடையதை அவளிடம் கொடுத்திருந்தார்.

"நீ இருக்கிற எடத்துல நான் எதுக்குத் தனியா? என் பேர்லயும் ஒரு குத்து குத்திடு."

இந்த வருடம், எல்லா வண்டிக்கும் ஒரே பிளக் என்று பேச்சு வந்தது. கம்பெனி முதலாளி வேய் அவளைக் கூப்பிட்டார்.

"பிளக்கை யார் வேணா செய்யட்டும். எந்த அளவுல செய்யணும்னு நாம எழுதிடணும்."

கம்பெனியின் தட்டை பிளக் விதியாகிவிட்டால் மற்றவர்கள் அச்சுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். குழுவில் ஒரே ஒருவர் மறுத்தால்கூட விதியின் வரைவு திரும்ப விவாதத்துக்குப் போகும். ஆ-துங் கட்டாயம் மறுப்பார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்ற இடத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். அதே கையோடு அவருடையதையும் குத்தினாள். அப்போது கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா என்று பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். கம்பெனியில் கைதட்டினார்கள்.

நிலாப் பண்டிகைக்கு வழக்கம்போல் பம்ப்ளிமாஸ் பழங்களோடு பட்டறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லி முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று முடிவு. இயந்திரங்கள் நின்றிருந்தன. அச்சுகளைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போக வண்டி வந்து நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அப்போதே புரிந்தது.

ஆ-துங் எப்போதும்போல் தேநீர் மேஜைக்கு அழைத்தார், பிள்ளைகளை விசாரித்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

"அண்ணே, நான்..." என்று தொடங்கினாள். முத்திரையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதை எடுத்து, அடியில் காய்ந்திருந்த சிவப்பு மையைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும், ஆ-ஷான். இனிமே எனக்கு எதுல குத்த வேண்டியிருக்கு?"

சொல்லிவிட்டு அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். அவளால் அதைக் கையில் எடுக்க முடியவில்லை.