கடைசி வண்டிக்காரி

சுபாஜினி நாடிக்கும் ஹெல்மட் பட்டிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்க்கிறார். இரண்டு விரல் போனால் விடமாட்டார். "பேருக்குத் தொப்பி மாதிரி வச்சிருக்கீங்க. இறுக்குங்க." அப்புத்தளையில் தேத்தண்ணிக்கு நின்ற நாற்பத்தொரு மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவரும் தப்பவில்லை. வாயில் வடையோடு நின்ற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் அவருக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற இருபத்திரண்டு குழந்தைகளை மேய்த்து மேய்த்து, தலை எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் ஏறினாலும் எண்ணுவாராம். பதுளையிலிருந்து ஹல்துமுல்லை வரை போகும் இந்த உதவி ஊர்வலத்தில் அவருடைய சிவப்பு ஸ்கூட்டிக்குக் கடைசி இடம். அவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. இளவட்டங்கள் 'வாலக்கா' என்கிறார்கள். "வாலு இல்லாட்டி மாடு ஈ ஓட்டுமா தம்பி?" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஊர்வலத்துக்கு வரும் நன்கொடையில்தான் சிறுநீரக நோயாளிகளைப் பதுளைக்கு இரத்தம் சுத்திகரிக்க ஏற்றிப்போகும் வேன் ஓடுகிறது. வாரம் இரண்டு முறை அதில் போகிறவர்களில் அவருடைய கணவர் தினேஸும் ஒருவர். போன வருடம் இரண்டு பேர் விழுந்து கையை முறித்துக்கொண்டார்கள். இந்த முறை ஒருவர் விழுந்தாலும் இனி அனுமதி இல்லை என்று பொலிஸார் சொல்லிவிட்டார்கள். "வேன் நின்னுட்டா மூணு பஸ் மாறணும். அந்த மனுசனால நிக்கவே முடியாதுங்க" என்றார் சுபாஜினி. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் ஹெல்மட்டைப் பார்க்கவில்லை.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுத் தந்தது. இறக்கம் வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வழுக்கிக்கொண்டு போவது. பிரேக் சூடேறிவிட்டால் பிறகு பிடிக்காது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நானும் செய்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் இறங்குகிற வண்டியைச் சுபாஜினி காதாலேயே பிடித்துவிடுவார்.

அப்புத்தளை தாண்டி இறங்கினோம். எனக்கு முன்னால் ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டியில் என்ஜின் சத்தமே இல்லை. நேரான இடம் வந்ததும் பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது. ஒருநாளும் முந்தாத ஸ்கூட்டி என்னை முந்தியது, தலைவரையும் முந்தியது. சுபாஜினி கையைக் காட்டி அவரை ஓரங்கட்டச் சொன்னார். தலைவரின் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இருபது அடி தாண்டி, பள்ளத்தின் ஓரச்சுவரை உரசிக்கொண்டு நின்றது.

சுபாஜினி ஓடிப்போய்ச் சாவியை உருவிக்கொண்டார். "கருகுற வாசம் வருதுங்க சேர். ஆறட்டும்."

"ஹல்துமுல்லையில பிரதம விருந்தினர் வந்திட்டார், சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கினம். சாவியைத் தாரும் பிள்ளை."

தலைவர் நினைத்தால் அடுத்த வருடம் சுபாஜினிக்கு இந்த ஊர்வலத்தில் இடமே இராது. அது சுபாஜினிக்கும் தெரியும். "தரமாட்டேன் சேர். நீங்க விழுந்தா எங்க வீட்டுக்காரர் விழுந்த மாதிரி."

தலைவர் பின்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழும்புவதைப் பார்த்தபடியே ஓரச்சுவரில் உட்கார்ந்தார். ஹெல்மட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். தொலைபேசி அடித்தது.

"நாங்கள் பிந்தித்தான் வருவம்" என்றார் அதில். "ஒருத்தரும் விழேல்லை. பிழை என்ர."

சுபாஜினி சாவியைப் பொத்திய கையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். தலைவர் ஹெல்மட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.