ரூடியின் முழங்காலும் ஒரு பிடி செத்தலும்

சென்ற ஞாயிறு காலை கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன். மகள் வாங்கிப் பூட்டிவிட்ட புகை அலாரம் உடனே கத்தத் தொடங்கியது. சுவிஸில், பாசல் நகரத்து அடுக்குமாடியில் இருந்துகொண்டு செத்தல் வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டாமல் விடுவாளா? அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருமிக்கொண்டே யன்னலைத் திறந்தபோது ரூடியின் ஞாபகம் வந்தது. செத்தல் நெடிக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், இன்டர்லாக்கனுக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு சிறு நகரத்தில், ஐஸ் ஹொக்கி மண்டபத்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். அகதி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். குளிரென்றால் போர்வைக்குள் ஒளிகிற நான் ஐஸுக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். சமையலில் சிவம் அண்ணை இருந்தார். முதலாளி இல்லாத மத்தியானங்களில் எங்கள் இருவருக்கும் சோறும் மீன் குழம்பும் வைப்பார். அந்த வாசத்துக்குத்தான் ரூடி முதன்முதலில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான்.

அந்த ஊர் அணியில் எல்லோருக்கும் வேறு தொழில் இருந்தது. பாண் சுடுகிறவர், தபால் கொடுக்கிறவர் எல்லாம் வேலை முடிந்து வந்துதான் சறுக்குவார்கள். ரூடி மட்டும் குழாய் பொருத்தும் வேலையை விட்டுவிட்டு ஹொக்கிச் சம்பளத்திலேயே வாழப் புறப்பட்டவன். அந்த ஊரில் அப்படிச் செய்த முதல் ஆள். விளையாடுவதெல்லாம் ஒரு வேலையா என்று உணவகத்தில் பியர் குடிப்பவர்கள் நக்கலடிப்பார்கள். அவன் கோல் போட்டால் அதே ஆட்கள் மேசையில் தட்டுவார்கள். அந்த மாரிக் குளிரில் அவனுடைய கோல் நின்றுபோனது. இப்படியே போனால் அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார். ரூடி எங்களோடு இருந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பான்.

எங்களுக்குக் காரணம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

"ஊர்க்கண் முழுக்க அவனிலதான் கிடக்கு. நாவூறு கழிச்சால் சரி," என்றார் சிவம் அண்ணை.

"அவனுக்கு இதை என்னெண்டு விளங்கப்படுத்துறது, அண்ணை?"

"நீதானே டொய்ச் படிக்கிறாய். சொல்லன்."

நான் படித்த டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நாவூறு வரவில்லை. பலபேர் பார்த்துக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு வருத்தம் வரும் என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். ரூடி கொஞ்சம் யோசித்துவிட்டு, அது உண்மைதான் என்றான்.

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். ஆட்டத்துக்கு முன்னர் ரூடி கவசமெல்லாம் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றில் குந்தினான். அண்ணை ஒரு பிடி செத்தலும் உப்பும் எடுத்து அவன் தலையை மூன்று தரம் சுற்றி, சூடான அடுப்புத் தட்டில் போட்டார். எங்கள் காற்றுக் குழாய் உடைமாற்றும் அறைகளுக்கும் போகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் இரண்டு அணிகளும் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தன. நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார்.

நாவூறு இருந்தால் செத்தல் எரிந்தாலும் நெடி வராது. எங்கள் ஊர்க் கணக்கு அதுதான். இங்கேயோ எங்கள் மூவருக்கும் மூச்சே விட முடியவில்லை. அண்ணையின் முகம் வாடிப்போனது.

"மிளகாய் என்ன சொல்லுது?" என்று ரூடி டொய்ச்சில் கேட்டான்.

"உன்னில ஒருத்தற்ற கண்ணும் இல்லையாம்," என்றேன்.

கண்ணீர் வடிய வடியச் சிரித்தான். பிறகு இடது முழங்காலைத் தொட்டு, "எனக்குத் தெரியும். இதுதான்," என்றான். மாரி முழுக்க அந்த முழங்கால் மடங்க மறுத்திருக்கிறது. சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று எல்லோருக்கும் மறைத்திருக்கிறான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கவசம் இடம் கொடுக்கவில்லை.

அன்று கோல் விழுந்தது. யாரோ அடித்த ரப்பர் வட்டு ரூடியின் அதே முழங்காலில் பட்டுத் தெறித்து வலைக்குள் போனது. அண்ணை கரண்டியோடு துள்ளினார். தலைவர் சிரித்த முகத்தோடு அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைக்க வந்தார். ரூடி அவரிடம் முழங்காலைப் பற்றித் தானாகவே சொல்லிவிட்டான். ஒப்பந்தக் கதை அதோடு முடிந்தது. எனக்குக் கோபமான கோபம்.

"ஏன் போய்ச் சொன்னனீ?"

"உங்கட மிளகாய்க்கே தெரிஞ்சிட்டுது. இனி ஆருக்கு மறைக்கிறது?"

கோடையில் எங்கள் கழுவுதொட்டி அடைத்துக்கொண்டது. குழாய்ச் சாமான் பெட்டியோடு வந்து நின்றவன் ரூடி. வேலை முடித்து எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டான். அண்ணை பகிடியாக ஒரு பிடி செத்தலை எடுத்து, சுற்றிப் போடவா என்று சைகையில் கேட்டார்.

"வேண்டாம்," என்றான் ரூடி. "இப்ப என்னை ஒருத்தரும் பாக்கிறதில்லை."

அதற்கு எங்கள் இருவருக்கும் சிரிக்க வரவில்லை.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. இன்றைய வீரர்களுக்குத் தனிச் சமையல்காரரும், முழங்காலுக்கென்று ஒரு வைத்தியரும் இருக்கிறார்களாம். நல்ல விஷயம்தான். கோப்பை கழுவுகிறவனோடு இருந்து மீன் குழம்பு சாப்பிட அவர்களுக்கு எங்கே நேரம்? சிவம் அண்ணை கனடாவுக்குப் போய் அங்கேயே கண்மூடிவிட்டார். ரூடி எங்கே என்று தெரியாது. சென்ற ஞாயிறு அலாரம் ஓய்ந்த பிறகும் செத்தல் நெடி வீட்டைவிட்டுப் போகவே இல்லை. எங்கள் ஊர்க் கணக்குப்படி, இப்போது என்னிலும் ஒருவருடைய கண்ணும் இல்லை.