சீதாலட்சுமி தேர்ந்தெடுத்த சமையலறை

மகளுக்கு விடுதி பார்க்கப் போன அன்று சீதாலட்சுமி மற்ற எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சமையலறையை மட்டும் பார்த்தாள்.

டி. கல்லுப்பட்டி தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கல்லூரி. ஆசிரியர்கள் குடும்பத்தோடு தங்குவதற்கென்று கட்டிய வீடுகளில் ஒருவரும் குடிவரவில்லை. எல்லோரும் மதுரையிலிருந்தே பஸ்ஸில் வந்து போனார்கள். சும்மா கிடந்த வீடுகளை எம்.சி.ஏ. படிக்கும் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை. வீட்டுக்கு நான்கு பேர். அவர்களே சமைத்துக்கொள்ள வேண்டும். அது வேண்டாமென்றால் பெரிய விடுதி இருந்தது. அங்கே நீளக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், மணியடித்தால் மெஸ்ஸில் சாப்பாடு.

ரம்யாஸ்ரீக்குப் பெரிய விடுதிதான் பிடித்திருந்தது. "தினம் யாரும்மா சமைக்கிறது? நான் படிக்கத்தானே வாரேன்" என்று தங்கள் சௌராஷ்டிர பாஷையில் முணுமுணுத்தாள், கூட வந்த மேட்ரன் ஒச்சம்மாளுக்குப் புரியக் கூடாதென்று.

ஒச்சம்மாளுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. "அம்மாமாரு எல்லாம் இந்த வீட்டத்தான் கேக்குறாக. பிள்ளைகளுக்குத்தான் அங்கிட்டு ஓட்டம்" என்றாள்.

சமையல் மேடையில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது. சீதாலட்சுமி முந்தானையால் ஓரிடத்தைத் துடைத்து, அங்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வெடித்த கரிசலும் வெயிலும் தவிர ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு மனிதரும் இல்லை.

மதுரையில் மஹால் பக்கத்து வீட்டுக்கு அவள் இளைய மருமகளாக வந்தவள். கணவர் ராமமூர்த்தியும் அவருடைய அண்ணனும் சேர்ந்து சேலை வியாபாரம் செய்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. பெருமாளுக்குக் காட்டும் முன் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் உப்பை ஒரே கைதான் போட வேண்டும், கை மாறினால் அளவு கெட்டுவிடும் என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். அவருக்குப் பின் அந்தக் கை மூத்த மருமகள் ஹம்சவேணியுடையதாயிற்று.

காய் நறுக்குவது, புளி கரைப்பது, தாளிப்பது எல்லாம் சீதாலட்சுமி. குழம்பு கொதித்ததும் தீயைக் குறைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உப்பு" என்று குரல் கொடுப்பாள். ஹம்சவேணி வந்து போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவள் பின்வாசலில் நின்றபடியே, "ரெண்டு கரண்டி போடு. தலை தட்டிப் போடு" என்பாள். கை சீதாலட்சுமியுடையது, அளவு அவளுடையது. ஹம்சவேணி கொடுமைக்காரியும் அல்ல. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து போட்டுவிட்டுத்தான் போய்ப் படுத்தாள்.

"என்ன, எதுல சேக்கலாம்?" என்று விடுதி பார்க்கக் கூட வந்திருந்த ராமமூர்த்தி கேட்டபோது, "உங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றுதான் அவள் வழக்கமாகச் சொல்வாள். அன்று, "இதுலயே இருக்கட்டும்" என்றாள். அவர் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போனார்.

"ஒரு செமஸ்டர்தான்மா. புடிக்கலன்னா மாறிக்கிருவேன்" என்றாள் மகள்.

வீட்டில் ஹம்சவேணி சிரித்தாள். "படிக்கப் போறவளுக்கு எதுக்குடி அடுப்பு? நீ போயி சமைக்கப் போறியா?"

சீதாலட்சுமியும் சேர்ந்து சிரித்தாள். அவள் மனதில் இருந்தது அதுவேதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், ஜன்னலைத் திறந்து வைத்து, தன் கையால் ஒரு சமையல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் விருந்தாளி, ஒரு வாரம் விரதம், ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். செமஸ்டர் முடியப்போகும் சமயத்தில்தான் காய்கறிப் பையோடு பஸ் ஏற முடிந்தது.

சமையலறையில் ஜன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டி ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். மேடை முழுக்க ரெக்கார்டு நோட்டுகள். ரம்யாவோடு தங்கியிருந்த அலங்காநல்லூர்ப் பெண் அஸ்வினி அவற்றை அவசரமாக அள்ளினாள்.

"வெந்நீரத் தவிர இந்த அடுப்பு வேற எதையும் பாத்ததில்ல ஆன்ட்டி. நாங்க மெஸ்ல டோக்கன் வாங்கித் தின்னே காலத்த ஓட்டிட்டோம்."

"சாயந்திரம் மேட்ரன் வருவாங்கம்மா. இங்கயே இருக்கோமா, பெரிய ஹாஸ்டலுக்கு மாறுறோமான்னு இன்னைக்கே சொல்லணும்" என்றாள் ரம்யா. "நாலு பேரும் உன் சமையலச் சாப்பிட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சீதாலட்சுமி கொடியை அவிழ்த்தாள், மேடையைக் கழுவினாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். உள்ளே எட்டிப் பார்த்த பெண்களை, "நீங்க படிங்கடா" என்று அனுப்பிவிட்டாள். குழம்பு கொதித்து வந்தது. தீயைக் குறைத்தாள். கையைத் துடைத்தாள். வாசல் பக்கம் பார்த்தபடி சற்று நின்றாள். பிறகு ரசத்துக்கு மிளகு தட்டத் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் ரம்யாவின் அறையில் இருந்த பெருமாள் படத்துக்குக் காட்டிவிட்டுப் பரிமாறினாள்.

பெண்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். ரம்யா எழுந்துபோய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தாள். பாட்டில் கைமாறிக்கொண்டே இருந்தது.

"ஆன்ட்டி, உங்க வீட்ல யாருக்காச்சும் பிரஷரா?" என்று கேட்டாள் அஸ்வினி.

"சும்மா இருடி" என்றாள் ரம்யா.

"இல்லையேம்மா, எதுக்குக் கேக்குற?" என்றாள் சீதாலட்சுமி. வயதுப் பெண்களின் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தாள்.

கடைசியாகத் தனக்குப் போட்டுக்கொண்டு மேடை அருகிலேயே உட்கார்ந்தாள். முதல் வாயை விழுங்கிவிட்டுப் பொரியலைத் தொட்டுப் பார்த்தாள். ரசத்தைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். தலையைத் தூக்கியபோது, செல்பில் உப்புப் பாக்கெட் முனைகூடக் கத்தரிக்காமல் இருந்தது. வாசலைப் பார்த்துத் தான் நின்றது நினைவுக்கு வந்தது. தட்டில் இருந்ததை அப்படியே தின்று முடித்தாள்.

வெயில் தாழ ஒச்சம்மாள் வந்தாள். "என்ன பிள்ளைகளா, சமையலா மெஸ்ஸா? சட்டுனு சொல்லுங்க. இன்னும் எம்புட்டு வீட்டுக்குப் போகணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரம்யா அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருப்பது தெரிந்தது. அது எந்த வார்த்தை என்பதும் தெரிந்தது.

"மெஸ்லயே போட்ருங்க" என்றாள் சீதாலட்சுமி. "படிக்கிற பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை?"

ரம்யாவின் முகம் தெளிந்தது. அதை மறைக்க அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, "நீ ஒண்ணும் நினைச்சுக்கலையேம்மா?" என்று கேட்டாள். "இதுல நினைக்க என்ன இருக்கு?" என்றாள் இவள். பஸ் புறப்பட்டபோது மகள் ஏற்கெனவே திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹம்சவேணி கேட்டாள். "பிள்ளைக நல்லா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்கக்கா."

சேலை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் நுரை கட்டி வந்தது. தீயைக் குறைத்தாள். உப்புச் சாடி கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அதையே பார்த்தபடி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உப்பு."